பரம்பரைப் பெண்ணோய்ப் புற்றும் குடும்ப நினைவும்: வட்டக்கச்சியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் ஆய்வுகூடங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நுணுக்குக்காட்டி அதில் முதலிடம் பெற, நோயாளியின் வாய்மொழி அடிக்குறிப்பாகிவிடுகின்றது. சூலகம், கருப்பை ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது என்னும் அறிவின் வரலாற்றுக்கு இம்முறை பொருந்தாது. அவ்வறிவு குடும்ப நினைவிலிருந்தே பிறந்தது. போராலும் இடப்பெயர்வாலும் அந்நினைவு சிதைந்துபோன வட்டக்கச்சி போன்றதொரு கிராமத்துக்கு அவ்வறிவு எவ்வாறு பயன்படும் என்பதே நாம் இங்கு எழுப்பும் வினாவாகும்.

1866இல் பிரெஞ்சு மருத்துவர் போல் புரோக்கா, தம் மனைவியின் குடும்பத்தில் பல தலைமுறைகளாக மார்பகப் புற்றுநோய் தொடர்ந்து வந்தமையைப் பதிவு செய்தார். 1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நோயியலாளர் அல்திரெட் வார்தினிடம், அவர் வீட்டுக்குத் தையல்வேலை செய்துவந்த பெண்ணொருவர், தம் குடும்பத்தினர் பலரைப் போலத் தாமும் குடலிலோ பெண்ணுறுப்பிலோ புற்றுநோய் கண்டு இளவயதிலேயே இறக்க நேரும் என்றார். அவர் அஞ்சியவாறே கருப்பைப் புற்றுநோய் அவருயிரைக் கவர்ந்தது. அக்குடும்பத்தின் வம்சாவளியை வார்தின் 1913இல் வெளியிட்டார். மெண்டலின் விதிகள் மறுகண்டுபிடிப்புப் பெறுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, உழைக்கும் பெண்ணொருவர் தம் குடும்பத்துச் சாவுகளை எண்ணிப்பார்த்து ஒரு விஞ்ஞான உண்மையைக் கூறியிருந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

வார்தினின் ஆய்வு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1966இல் ஹென்றி லிஞ்ச் இத்தகைய வேறு குடும்பங்களைப் பற்றி எழுதினார். 1971இல் வார்தினின் குடும்பத்தையே மீளாய்வு செய்தார். புற்றுநோய் சூழலால் மட்டுமே வருவதென்ற நம்பிக்கை ஆதிக்கம் செலுத்திய காலமாதலின் அவர் கருத்து எளிதில் ஏற்கப்படவில்லை. 1990இல் மேரி-கிளேர் கிங் 17ஆம் நிறமூர்த்தத்தில் பி.ஆர்.சி.ஏ.1 பரம்பரையலகின் இருப்பிடத்தைக் காட்டினார். 1993க்கும் 1995க்கும் இடையில் எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1, பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 ஆகிய பரம்பரையலகுகள் ஒன்றன்பின் ஒன்றாக இனங்காணப்பட்டன. முதலிரண்டும் இன்று லிஞ்சின் பெயரால் வழங்கும் நோய்க்குறித் தொகுதிக்குரியவை. குடற்புற்றுடன் கருப்பை உட்படலப் புற்றையும் சூலகப் புற்றையும் தருவன. பின்னிரண்டும் மார்பகத்தையும் சூலகத்தையும் தாக்குவன. 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றின்படி, 80 வயதுக்குள் சூலகப் புற்று வரும் வாய்ப்பு பி.ஆர்.சி.ஏ.1 விகாரமுடைய பெண்களில் ஏறத்தாழ 44 சதவீதம், பி.ஆர்.சி.ஏ.2 விகாரமுடையோரில் 17 சதவீதம். பொதுவாகப் பெண்களில் அது ஒன்று அல்லது இரண்டு சதவீதமேயாகும்.

இவ்விடத்து எம்மிடையே நிலவும் சில தவறான எண்ணங்களைக் களைதல் அவசியமாகும். முதலாவது, ‘சொந்தத்துக்குள் கட்டியதால் வந்த வினை’ என்பது. மச்சான் மச்சாள் மணம் பின்னிடைவான பரம்பரை நோய்கள் சிலவற்றின் வாய்ப்பைக் கூட்டுவது உண்மையே. ஆனால் மேற்கூறிய விகாரங்கள் ஆட்சியுடையன. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இரண்டாவது, பெண்ணோய் தாய்வழியே மட்டும் வரும் என்பது. தகப்பனும் அதனைத் தாங்கி மகளுக்குக் கொடுக்கலாம். தகப்பனின் சகோதரி சூலகப் புற்றினால் இறந்தமை அவர் மகளுக்கும் உரிய செய்தியாகும். மூன்றாவது, எல்லாப் பெண்ணோய்ப் புற்றும் பரம்பரையானது என்பது. கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் காரணம் பெரும்பாலும் பப்பிலோமா வைரசு. அதற்கெதிரான தடுப்பூசி 2017 முதல் இலங்கைப் பாடசாலைச் சிறுமியருக்கு வழங்கப்படுகின்றது.

பரம்பரை பற்றிய அறிவு அதிகாரத்தின் கையில் ஆயுதமாவதும் உண்டு. வார்தினே பிற்காலத்தில் இனமேம்பாட்டுக் கொள்கையின் பக்கம் சாய்ந்தார். 1933இல் நாசி ஜேர்மனி கட்டாய மலடாக்கலைச் சட்டமாக்கியது. முதலாளித்துவம் வேறொரு வழியில் இவ்வறிவைக் கைப்பற்ற முனைந்தது: பி.ஆர்.சி.ஏ. பரம்பரையலகுகளுக்கு அமெரிக்கக் கம்பனியொன்று காப்புரிமை கொண்டாடிற்று. இயற்கையிலுள்ள பரம்பரையலகு எவரது உடைமையும் அன்று என 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

இனி வட்டக்கச்சிக்கு வருவோம். இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் காடு வெட்டிக் களனியாக்கிய குடியேற்றக் கிராமம் அது. குடாநாட்டுக் கிராமங்களிலிருந்து காணி பெற்று வந்தோர் அதற்கு அத்திவாரமிட்டனர். 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டோரும் கிளிநொச்சிப் பகுதியில் வேரூன்றினர். இவ்வாறு குடியேறியோரின் பாட்டன் பாட்டியர் வேறு ஊர்களில் இறந்தனர். அவர்தம் நோயின் கதையும் அவ்வூர்களிலேயே தங்கிவிட்டது. பின்னர் 1996இன் இடப்பெயர்வு. அதன்பின் 2009இன் பேரழிவு. அவ்வாண்டின் தொடக்கத்தில் இப்பகுதி மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்து, எஞ்சியோர் வவுனியா முகாம்களைச் சென்றடைந்தனர். மருத்துவக் கொப்பிகளும் அறிக்கைகளும் வழியில் கைவிடப்பட்டன. அவற்றிலும் பெரிய இழப்பு, கதை சொல்லக்கூடிய முதியவர்களின் இழப்பு. புற்று வெளிப்படும் வயதை எட்டுமுன்னரே குண்டுக்கும் எறிகணைக்கும் பலியான பெண்களின் உடலில் எவ்விகாரம் இருந்ததென எவரும் அறியார். பரம்பரை நோயைக் கண்டறியும் முதற்கருவி மூன்று தலைமுறை வம்சாவளிதான். போர் அழித்தவற்றுள் அக்கருவியும் ஒன்றென்றே நாம் கருதுகின்றோம்.

எஞ்சிய நினைவையும் மௌனம் மூடுகின்றது. ‘வயித்துக்குள்ளை கட்டி’, ‘கர்ப்பப்பை எடுத்தது’ என்ற அளவில் பெண்ணின் நோய் மறைத்துப் பேசப்படுகின்றது. மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்ற அச்சம் குடும்பத்தின் வாயைக் கட்டுகின்றது. இம்மௌனத்தின் விலையைக் கொடுப்பவள் அம்மகளே. சூலகப் புற்றைத் தொடக்கத்திலேயே கண்டு உயிரிழப்பைக் குறைக்கும் பரிசோதனை எதுவும் இன்றுவரை நிறுவப்படவில்லை. விகாரம் உண்டெனத் தெரிந்தால், பிள்ளைப்பேறு முடிந்தபின், பி.ஆர்.சி.ஏ.1 உடையோர் 35க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதில் சூலகங்களையும் பலோப்பியன் குழாய்களையும் அகற்றுவதே காப்பு. லிஞ்ச் தொகுதியுடையோர்க்குக் கருப்பை அகற்றலும் ஒழுங்கான குடற்பரிசோதனையும் கூறப்படுகின்றன. எனவே, முன்கூட்டி அறிதலே இங்கு மருந்தாகின்றது.

வசதிகள் அறவே இல்லையெனல் தவறு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1983இல் மனிதப் பிறப்புரிமையியல் அலகு நிறுவப்பட்டது. 1996 முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறைக்கு மேற்கொள்ளப்பட்ட நடைபயணத்தில் திரண்ட நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2024இல் கிளிநொச்சி வைத்தியசாலையில் பெண்கள் நலத்துக்கான சிறப்பு மையம் திறக்கப்பட்டது. ஆயினும், நாட்கூலியை இழந்து கொழும்புக்குப் பயணஞ்செய்ய வேண்டிய பெண்ணுக்குப் பரம்பரையலகுப் பரிசோதனை எட்டாத பொருளே. அதனை இலவச மருத்துவத்தின் பகுதியாக்கி வடக்கின் வைத்தியசாலைகளுக்குக் கொணர்தல் அரசின் கடமையாகும்.

எமக்கும் ஒரு கடமை உண்டு. யார், எவ்வயதில், எந்நோயால் இறந்தார் என்பதைத் தாய்வழி தகப்பன்வழி இரண்டிலும் கேட்டெழுத ஒரு கொப்பி போதும். கிராமத்து மருத்துவிச்சியும் ஆசிரியரும் பல்கலைக்கழக மாணவரும் முதியோரிடம் இதனைக் கேட்டுப் பதியலாம். சிதறுண்ட உறவுகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள. அங்கு ஒருவருக்குச் செய்யப்பட்ட பரிசோதனையின் முடிவு வட்டக்கச்சியிலுள்ள அவர் சகோதரியின் உயிரைக் காக்கக்கூடும். எழுதப்படுவது அக்குடும்பத்தின் சொத்தாக, இரகசியம் பேணப்பட்டதாக இருத்தல் வேண்டும். அத்தையற்பெண் கூறியதைக் கேட்டவர் அவள் குடும்பத்தின் வம்சாவளியைப் பதிவு செய்தார். அவளைக் காக்கும் வழி அன்று இருக்கவில்லை. இன்று வழி இருக்கின்றது. ஆதலின், எமது பெண்கள் சொல்வதைக் கேளாதிருத்தலுக்கு இனி நியாயம் எதுவுமில்லை.