ஷவுவோத்: திருமறையை ஆண்டுதோறும் புதிதாகப் பெறும் யூதர் திருவிழா

பாஸ்கா பண்டிகையின் இரண்டாம் இரவு முதல் யூதர்கள் ஒவ்வொரு நாளையும் வாய்விட்டு எண்ணத் தொடங்குகின்றனர். ஏழு வாரங்கள், அதாவது 49 நாள்கள் எண்ணி முடித்ததும் 50-ஆவது நாளில் வருவது ஷவுவோத். எபிரேய மொழியில் இச்சொல்லுக்கு 'வாரங்கள்' என்று பொருள். சினாய் மலையில் மோசே வழியாகத் தோரா என்னும் திருமறை அருளப்பட்டதைப் போற்றும் இத்திருநாள், எபிரேய நாட்காட்டியின் சீவான் மாதம் 6-ஆம் நாள், பெரும்பாலும் மே அல்லது ஜூன் மாதத்தில் அமைகிறது.

இந்த எண்ணிக்கையில்தான் விழாவின் உட்பொருள் அடங்கியுள்ளது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மக்கள் விடுபட்ட நாள் பாஸ்கா. ஆனால் விலங்கு அறுந்ததாலேயே விடுதலை நிறைவு பெற்றுவிடுவதில்லை. எப்படி வாழ்வது என்ற நெறி கிடைத்தபோதே அது முழுமை அடைந்தது என்பது யூத மரபின் கருத்து. எனவே ஷவுவோத்தைப் பாஸ்காவின் நிறைவு நாளாகவே பண்டைய ஆசான்கள் கருதினர்.

வியப்புக்குரிய செய்தி என்னவெனில், தோராவில் எந்த இடத்திலும் இவ்விழா சினாய் நிகழ்வோடு நேரடியாக இணைத்துக் கூறப்படவில்லை. அங்கே இது கோதுமை அறுவடை விழா; முதற்கனிகளைக் காணிக்கையாக்கும் நாள். கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிக்கப்பட்ட பின்னர் காணிக்கைகளுக்கு இடமில்லாமற் போயிற்று. அதன்பின் திருமறை அருளப்பட்ட நாள் என்னும் பொருளே மேலோங்கியது. நிலத்தையும் ஆலயத்தையும் இழந்த மக்களிடம் எஞ்சியிருந்தது அந்நூலே.

வழிபாட்டில் இந்நாள் தோரா 'அருளப்பட்ட காலம்' என்றே குறிக்கப்படுகிறது. 'பெறப்பட்ட காலம்' எனப்படுவதில்லை. அருளியது ஒரு நாளில் நிகழ்ந்தது, பெறுவதோ ஒவ்வொருவரும் எந்நாளும் செய்ய வேண்டியது என இதற்கு 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோட்ஸ்க் நகர ஆசான் மெனாகெம் மெண்டல் விளக்கம் தந்ததாகக் கூறுவர்.

பெறுதல் மனமுவந்து நிகழ்ந்ததா என்ற கேள்வியையும் மரபு தவிர்க்கவில்லை. இறைவன் சினாய் மலையைப் பெயர்த்து மக்களின் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து, ஏற்க மறுத்தால் இதுவே உங்கள் கல்லறை என எச்சரித்ததாகத் தால்முத் ஒரு கதையைக் கூறுகிறது. அச்சுறுத்திப் பெற்ற ஒப்புதல் செல்லுமா என்ற வாதமும் உடனே அங்கே எழுகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், எஸ்தரின் காலத்தில், மக்கள் தாமாகவே அதை மீண்டும் ஏற்றனர் என்பது அங்கு தரப்படும் விடை.

இவ்விழாவில் ரூத்தின் வரலாறு வாசிக்கப்படுவதும் இதனோடு பொருந்துகிறது. மோவாபு நாட்டுப் பெண்ணான ரூத், கணவனை இழந்த பின்னும் மாமியார் நகோமியைக் கைவிடாமல், அவருடைய மக்களையும் கடவுளையும் தம்முடையதாக ஏற்றுக்கொண்டவர். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. நகோமியோ திரும்பிப் போகும்படியே சொன்னார். அந்த அயல்நாட்டுப் பெண்ணே தாவீது மன்னரின் முப்பாட்டி ஆனார். எவருக்கும் சொந்தமல்லாத பாலைநிலத்தில் தோரா அருளப்பட்டதற்கு, விரும்பும் எவரும் வந்து பெறலாம் என்பதே காரணம் என்றும் பண்டைய உரைகள் கூறுகின்றன.

விழா இரவில் பலர் உறங்காமல் மறைநூல்களைப் பயில்வர். சினாயில் மறை அருளப்படவிருந்த காலையில் மக்கள் அயர்ந்து உறங்கிவிட்டனர் என்றும், அக்குறையை ஈடுசெய்யவே இந்தக் கண்விழிப்பு என்றும் ஒரு கதை வழங்குகிறது. இவ்வழக்கம் 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ போன்ற அறிஞர்களின் வட்டத்தில் வேரூன்றிப் பரவியது. பாலாடைக்கட்டி முதலிய பால் உணவுகளும், ஆலயங்களைப் பசுந்தழைகளால் அலங்கரிப்பதும் விழாவின் பிற அடையாளங்கள்.

காலை வழிபாட்டில் பத்துக் கட்டளைகள் வாசிக்கப்படும்போது, சினாய் அடிவாரத்தில் முன்னோர் நின்றதுபோல் சபையார் எழுந்து நிற்பது பரவலான வழக்கம். மரபுப்படி, தோராவைச் சபையில் வாசிக்கக் குறைந்தது பத்து ஆண்கள் கூடியிருக்க வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஆலயம் இன்றும் நிற்கிறது. ஆனால் அச்சமூகத்தினரில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறிவிட்டதால், அந்தப் பத்துப் பேருக்கு வெளியூர்களிலிருந்து வரும் யூதர்களையே அது எதிர்நோக்க வேண்டியுள்ளது.