பாட்டு ஒரு கரை, பாடகர் ஒரு கரை

2000ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கக் கடைகளில் ஒரு ரப்பர் மீன் சக்கைப்போடு போட்டது. பெயர் பிக் மௌத் பில்லி பாஸ். தூண்டிலில் பிடித்த பெரிய மீனைப் பாடம் செய்து பெருமைக்குச் சுவரில் மாட்டுவார்களே, அதுபோல ஒரு பலகையில் ஒட்டியிருக்கும். பக்கத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும், தலையைத் திருப்பி, வாலை அடித்து, வாய் திறந்து பாடத் தொடங்கிவிடும். அது பாடியவற்றில் ஒன்று ‘டேக் மீ டு தி ரிவர்’. ஆற்றுக்கு என்னைக் கூட்டிப் போ என்று மீன் கேட்பது நியாயம்தானே என்று பொம்மைக் கம்பெனியில் யாரோ நினைத்திருக்க வேண்டும். அந்தப் பாட்டை எழுதிய இருவரில் ஒருவர் அப்போது மெம்பிஸ் நகரத்தில் ஒரு சபையின் போதகர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்க மேடையில் நிற்பவர்.

பாட்டு பிறந்தது 1973இல், ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸில், ஓர் ஏரிக்கரை வீட்டில். பாடகர் அல் கிரீனும் கிதார் கலைஞர் டீனி ஹாட்ஜஸும் பாட்டுக் கட்டுவதற்கென்றே அங்கே போய்த் தங்கியிருந்தார்கள். கிரீனுக்கு அது சொந்த மாநிலம். 1946இல் ஃபாரஸ்ட் சிட்டியில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து கோயில் கோயிலாகப் போய்ப் பாடிய பிள்ளை. பிழைப்புத் தேடிக் குடும்பம் வடக்கே மிச்சிகன் போன பிறகு, பையன் வீட்டில் பாடகர் ஜாக்கி வில்சனின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்த அப்பா, வெளியே போ என்று துரத்திவிட்டார். சாமிப் பாட்டுக்கும் சாத்தான் பாட்டுக்கும் நடுவில் அந்த வீட்டில் சுவரே இருந்தது.

இந்தச் சுவரின் கதை கிரீனோடு தொடங்கியதல்ல. கறுப்பினக் கிறிஸ்தவர்களின் பக்தி இசையான காஸ்பலின் தந்தை என்று சொல்லப்படும் தாமஸ் டார்சி, முன்பு ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்த ப்ளூஸ்காரர். 1932இல் பிரசவத்தில் மனைவியும், அடுத்து பச்சைக் குழந்தையும் இறந்துபோன துக்கத்தில் அவர் எழுதியதுதான் ‘பிரெஷஸ் லார்ட்’ என்ற பக்திப் பாட்டு. பாடகர் ரே சார்ல்ஸ் எதிர்த்திசையில் போனார். கோயில் மெட்டை எடுத்துக் காதலிக்குப் பாடினார், திட்டும் வாங்கினார். ஆண்டாளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்று தோன்றலாம். அமெரிக்கத் தென் மாநிலங்களின் கறுப்பினக் கிறிஸ்தவ வீடுகளில் இது பெரிய சண்டை.

ஏரிக்கரையில் எழுதிய பாட்டு மெம்பிஸின் ராயல் ஸ்டூடியோவுக்கு வந்தது. அது ஒரு பழைய சினிமா கொட்டகை. நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டார்கள், சரிந்த தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். தயாரிப்பாளர் வில்லி மிட்சல் டிரம்பெட் வாசிப்பவர், சத்தத்தில் பைத்தியம் உள்ளவர். கத்திப் பாடத் தெரிந்த கிரீனை, கத்தாதே, மெல்லப் பாடு என்று மல்லுக்கட்டி மாற்றியவர் அவர்தான். 1972இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘லெட்ஸ் ஸ்டே டுகெதர்’ அந்த மல்லுக்கட்டின் பலன். அல் கிரீனின் குரலுக்கென்று ஒரு மைக்கையே மிட்சல் ஒதுக்கி வைத்திருந்தார். அதற்கு 9ஆம் எண். மூச்சை இழுப்பது, வார்த்தையைப் பாதியில் விட்டுச் சிணுங்குவது எல்லாம் அதில் விழும். டீனியின் சகோதரர்கள் சார்ல்ஸ் ஆர்கனிலும் லீராய் பேஸ் கிதாரிலும் இருந்தார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் வாசிப்பதால் வரும் ஒட்டுதலை எந்தப் பதிவில் கேட்டாலும் உணரலாம்.

பாட்டின் விஷயம் இதுதான். ஒருத்தி இவனுடைய காசையும் சிகரெட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவனுக்கு இன்னும் அவள் மேல் ஆசை விடவில்லை. சட்டென்று, ஆற்றுக்குக் கூட்டிப்போய் முக்கி எடுக்கச் சொல்லி மன்றாடுகிறான். பாப்டிஸ்ட் சபைகளில் ஞானஸ்நானம் என்றால் தலையில் தண்ணீர் தெளிப்பதல்ல, ஆள் முழுவதும் மூழ்கி எழுவது. கோயிலுக்குள் தொட்டி கட்ட வசதியில்லாத கிராமத்து மக்கள், அடிமைக் காலத்திலிருந்தே, வெள்ளை உடுத்தி ஊரே பாடிக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். அந்தச் சடங்கைத்தான் இந்தப் பாட்டு காதலின் நடுவில் கொண்டுவந்து வைத்தது. அவளையே கேட்கிறானா, ஆண்டவரைக் கேட்கிறானா? பாட்டு சொல்வதில்லை. சொல்லாததுதான் அதன் பலம் என்பேன். தொடக்கத்தில் கிரீன் பேச்சாகவே ஒரு சமர்ப்பணமும் வைக்கிறார். 1971இல் இறந்துபோன ப்ளூஸ் பாடகர் ஜூனியர் பார்க்கருக்கு, உறவுக்காரர் என்று சொல்லி.

1974இல் ‘அல் கிரீன் எக்ஸ்ப்ளோர்ஸ் யுவர் மைண்ட்’ தட்டில் பாட்டு வெளிவந்தது. தனி சிங்கிளாக வெளியிடவில்லை. தட்டோடு தட்டாகப் போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், கிரீன் குளித்துக்கொண்டிருந்தபோது தோழி ஒருவர் கொதிக்கும் சோளக் கஞ்சியை அவர் மேல் ஊற்றிவிட்டு, அவருடைய துப்பாக்கியாலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதனால்தான் அவர் மனம் திரும்பினார் என்று எழுதுவது வழக்கம். கிரீன் சொல்லும் கணக்கு வேறு: 1973இலேயே, கலிபோர்னியாவில் ஒரு கச்சேரி முடிந்த இரவில், ஓட்டல் அறையில் அந்த அனுபவம் தனக்கு வந்துவிட்டது என்கிறார். அப்படியானால் ஆற்றுப் பாட்டு எழுதிய ஆண்டும் அதே ஆண்டு. எனக்கு அந்த வரிசைதான் நம்பும்படி இருக்கிறது.

இங்கிருந்து பாட்டும் பாடகரும் இரண்டு பாதையில் பிரிந்தார்கள். சிங்கிள் ஆகாத பாட்டை மிட்சல் வீணாக விடவில்லை. அதே ஸ்டூடியோ, அதே வாத்தியக்காரர்கள், ஆனால் சில் ஜான்சன் என்ற இன்னொரு பாடகரை வைத்து 1975இல் பதிவு செய்தார். அவர் பாடியது ஆர் அண்ட் பி பட்டியலில் 7ஆம் இடம் வரை போயிற்று. கிரீனோ 1976இல் மெம்பிஸின் தெற்கே, எல்விஸ் பிரெஸ்லியின் கிரேஸ்லேண்ட் மாளிகைக்குச் சற்றுத் தள்ளி, ஹேல் ரோட்டில் ஒரு தேவாலயத்தை வாங்கினார். ஃபுல் காஸ்பல் டேபர்னக்கிள் என்று பெயர். போதகராகவும் ஆனார். சனிக்கிழமை இரவு காதல் பாட்டு, ஞாயிறு காலை பிரசங்கம்.

1977இல் மிட்சலை விட்டு விலகி, தன் சொந்த ஸ்டூடியோவில், தானே கிதார் எடுத்து ‘தி பெல் ஆல்பம்’ செய்தார். அதன் தலைப்புப் பாட்டில் ஒரு பெண்ணிடம் மென்மையாகப் பேசிக்கொண்டே, ஆசை உன் மேல்தான், ஆனால் எனக்குத் தேவை ஆண்டவர் என்று விளக்குகிறார். அவர் செய்தவற்றில் நான் அதிகம் மதிக்கும் பதிவு அதுதான். ஒரே மூச்சில் ஒருத்தியிடமிருந்து விடைபெற்று இன்னொருவரிடம் போகும் குரல். ஆனால் குரலில் கொஞ்சல் மாறவே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஆற்றுப் பாட்டு எங்கேயோ போய்ச் சேர்ந்திருந்தது. நியூயார்க்கின் டாக்கிங் ஹெட்ஸ், கலைக் கல்லூரியில் சந்தித்துக்கொண்ட வெள்ளைக்கார இளைஞர்களின் குழு, பிரையன் ஈனோ தயாரிப்பில் 1978இல் அதைப் பதிவு செய்தது. வேகத்தை இழுத்துப் பிடித்து, சேற்றில் கால் வைப்பதுபோல் நடக்கவிட்டார்கள். குழுவின் பாடகர் டேவிட் பைர்னின் குரலில் கோயிலும் இல்லை, சரசமும் இல்லை; ஒருவித நடுக்கம் இருந்தது. 1979 தொடக்கத்தில் அமெரிக்கப் பட்டியலில் 26ஆம் இடம். அந்தக் குழுவுக்கு முதல் பெரிய வெற்றியே மெம்பிஸ் போதகரின் இந்தப் பாட்டுதான். அதே 1979இல் சின்சினாட்டியில் கச்சேரி மேடையிலிருந்து கிரீன் தவறி விழுந்தார். அடி பலம். இது ஆண்டவர் காட்டும் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு, இனி உலகப் பாட்டு வேண்டாம் என்று முடிவு செய்தார்.

1980இல் வந்த ‘தி லார்ட் வில் மேக் எ வே’ மிர் என்ற லேபிளில் வெளியானது. அப்போது டெக்சஸின் வேக்கோ நகரத்து வேர்ட் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது மிர். பாடகி எமி கிராண்ட் பாடி வளர்ந்ததும் அங்கேதான். இன்று சிசிஎம் என்று சுருக்கிச் சொல்லப்படும் தற்காலக் கிறிஸ்தவ இசையின் தலையான லேபிள்களில் ஒன்றாக அது அன்று இருந்தது. அந்தத் தட்டுகளுக்கு அப்போது பெரிய சந்தை கிறிஸ்தவப் புத்தகக் கடைகள். பைபிளுக்கும் வாழ்த்து அட்டைகளுக்கும் பக்கத்து அலமாரி. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். கறுப்பினக் காஸ்பலுக்குத் தனி வானொலி, தனிக் கடைகள், தனி மேடைகள். ஒரே ஆண்டவரைப் பாடினாலும் இரண்டு சந்தை. ‘லெட்ஸ் ஸ்டே டுகெதர்’ பாடியவரின் குரல் இந்த இரண்டுக்கும் நடுவில் விற்பனைக்கு வந்தது.

ஒரு வேடிக்கை. எழுபதுகளில் அவ்வளவு காதல் பாட்டு பாடியும் அவருக்கு ஒரு கிராமி விருதும் கிடைக்கவில்லை. முதல் கிராமி மிர் வெளியீட்டுக்குத்தான். மொத்தம் வாங்கிய 11இல் 8 காஸ்பல் பாடியதற்கு. 1982இல் டார்சியின் ‘பிரெஷஸ் லார்ட்’ பெயரிலேயே ஒரு தட்டு வெளியிட்டார். ப்ளூஸை விட்டு வந்தவரின் பாட்டை சோல் இசையை விட்டு வந்தவர் பாடினார். இந்தத் தட்டுகளில் குரல் குறைவில்லாமல் இருக்கிறது. ஹாட்ஜஸ் சகோதரர்கள் இல்லாத குறைதான் என் காதுக்குத் தட்டுகிறது.

பாட்டு நிற்கவில்லை. 1984இல் டாக்கிங் ஹெட்ஸின் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ படத்தில் ஏறியது. 1991இல் ‘தி கமிட்மெண்ட்ஸ்’ படத்தில் டப்ளின் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் பாடினார்கள். 1995இல் பாடகி ஆனி லெனக்ஸ் பாடினார். ஏழு வருடம் முன்னால், 1988இல், அதே லெனக்ஸோடு சேர்ந்து ‘புட் எ லிட்டில் லவ் இன் யுவர் ஹார்ட்’ பாடித்தான் கிரீனும் பாப் பட்டியலுக்குள் மறுபடி தலை காட்டியிருந்தார். பிறகு மீன் வந்தது.

2003இல் கிரீன் மிட்சலோடு ராயல் ஸ்டூடியோவுக்குத் திரும்பி, 9ஆம் எண் மைக்கின் முன்னால் நின்று, ‘ஐ காண்ட் ஸ்டாப்’ என்று முழுக்கக் காதல் பாட்டுகளைப் பதிவு செய்தார். போதகர் வேலையை விடவில்லை. அப்பா எழுப்பிய சுவரை அறுபதை நெருங்கும் வயதில் அவர் அவ்வளவாக மதிக்கவில்லை போலிருக்கிறது. மிட்சல் 2010இல் காலமானார். டீனி ஹாட்ஜஸ் 2014இல்.

ஹேல் ரோட்டு ஆராதனைக்கு வெளிநாட்டுப் பயணிகள் வருவது வாடிக்கையாகிவிட்டது. கிரேஸ்லேண்டைப் பார்த்துவிட்டு ஞாயிறு காலை இங்கே வந்து பின் பெஞ்சுகளில் உட்காருவார்கள். போதகர் வெளியூர் போயிருந்தால் ஏமாற்றம். இருந்தால், பழைய பாட்டு ஒன்றாவது கிடைக்காதா என்ற நினைப்போடு, பிரசங்கம் முழுவதையும் கேட்டு, காணிக்கைத் தட்டு வரும்போது அதிலும் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.