முற்றுவினை இல்லாத மூடுபனி

முற்றுவினை இன்றி வாக்கியம் இல்லை என்பது, ஆங்கில இலக்கணம் கற்கும் மாணவனுக்கு முதலிற் புகட்டப்படும் விதியாகும். சார்ள்ஸ் டிக்கின்ஸ் அவ்விதியைத் தமது ‘பிளீக் ஹவுஸ்’ நாவலின் வாயிலிலேயே மீறினார். 1852 மார்ச்சு முதல் 1853 செப்டெம்பர் வரை மாதந்தோறும் பகுதிபகுதியாக வெளிவந்த நூல் அது.

முதல் வாக்கியம் இலண்டன் என்னும் நகரப்பெயர் ஒன்றே. அதனைத் தொடர்ந்து நவம்பர் மாதத்துச் சேறும் புகையும் மூடுபனியும் வருகின்றன. முதன் மூன்று பந்திகளிலும் தலைமை வாக்கியத்துக்குரிய முற்றுவினை ஒன்றேனும் இல்லை. பெயர்த்தொடர்களும் எச்சத்தொடர்களுமே அடுக்கப்பட்டுள்ளன. முற்றுவினை தோன்றும் இடங்களெல்லாம் உவமை, இடம் முதலியவற்றைக் கூற வந்த சார்பு வாக்கியங்களே. பனி ஊர்கிறது, தவழ்கிறது. ஆயினும் அச்செயல்கள் எச்சமாகவே நிற்பதால் முடிவடைவதில்லை.

தமிழ் வாசகர் இப்புதுமையைக் காணாது போதல் கூடும். தமிழிற் பெயரே பயனிலையாக நிற்கும். வினையில்லா வாக்கியம் தமிழுக்கு இயல்பு. ஆங்கில இலக்கண நூலோ அதனைக் குறையெனக் கொள்ளும்.

நான்காம் பந்தியிலேதான் தலைமை வாக்கியம் முற்றுவினை பெறுகிறது. முதலில் வருபவை நிலையைக் கூறும் வினைகள் மாத்திரமே. அவற்றின்பின் செயலைக் கூறும் முதல் முற்றுவினை வருகிறது, அச்செயலோ அமர்ந்திருத்தல்! இடங்குறிக்கும் தொடர்கள் முன்னே வர, வினை அவற்றைத் தொடர, எழுவாய் அதன்பின் வருகிறது. பனியின் நடுவே அமர்ந்திருப்பவர் சான்சரி நீதிமன்றத்தின் தலைவராகிய சான்சலர் பிரபு.

மரணசாசனம், நம்பிக்கைப் பொறுப்புச் சொத்து முதலியன பற்றிய வழக்குகளை விசாரித்த மன்றம் அது. அங்கே வழக்குகள் ஆண்டுக்கணக்காக இழுபட்டன. தமது நூலொன்றைத் திருடி அச்சிட்டோர்மீது 1844இல் டிக்கின்ஸ் அங்கு வழக்குத் தொடர்ந்து வென்றார். எனினும் செலவு அவர் தலையிலேயே விழுந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தும், 70,000 பவுண் செலவாகியும், முடிவு காணாத உண்மை வழக்கொன்றை 1853இல் எழுதிய முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். நாவலில் வரும் ஜார்ண்டிஸ் வழக்கோ, சொத்து முழுவதும் செலவில் கரைந்தபின்பே ஓய்கிறது.

வழக்கு முற்றுப்பெறாத மன்றத்தை முற்றுப்பெறாத வாக்கியங்களால் அறிமுகஞ் செய்தமையே டிக்கின்ஸின் திறன். 1873ஆம் ஆண்டுச் சட்டம் 1875இல் நடைமுறைக்கு வந்தபோது, சான்சரி தனிமன்றமாக இயங்குவது ஒழிந்தது. அம்மன்றம் மறைந்தும் அந்தப் பந்திகள் வாழ்கின்றன. வாக்கியத்தைப் பகுத்துக் காட்டும் மாணவர், தொடருக்குப் பெயரிடுவதோடு நில்லாது, ஆசிரியர் அதனை அவ்வாறு அமைத்த காரணத்தையும் வினவுவாராயின், இலக்கணப் பாடமே இலக்கியப் பாடமாகிவிடும்.