மருந்தும் மொழியும்: மனச்சோர்வு மருத்துவத்தின் வரலாறு

மருந்தைப் பற்றி வகுத்த அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர், நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என வரையறை செய்தார். உடல் நோய்க்குக் கூறிய இவ்விலக்கணம் உள்ளத்து நோய்க்கும் பொருந்துமோ எனின், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் மேனாட்டு வைத்திய உலகில் நிகழ்ந்த நெடிய வாதமொன்று அதற்கு விடை பகர்கின்றது. மனச்சோர்வைத் தீர்க்க வல்லது மருந்தா, அன்றி உரையாடல் முதலிய பிற வழிகளா என்பதே அவ்வாதம்.

மனச்சோர்வு என்பது யாவர்க்கும் நேரும் துயரம் அன்று. வாரக்கணக்காக எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், காரணமின்றித் தன்னையே பழித்தல், ஈற்றில் உயிர்வாழ்வையே வெறுத்தல் என அது முற்றும். எனவே, தீர்க்கும் வழியைத் தேர்வதிற் பிழை நேரின் ஓருயிரே இழக்கப்படலாம். இவ்வாதம் ஏட்டளவில் நின்ற ஒன்றன்று என்பதை இது காட்டும்.

பண்டைக் கிரேக்க வைத்தியர் இந்நோயைக் கரும்பித்தத்தின் மிகுதியால் விளைவதெனக் கொண்டு, அதற்கேற்பப் பெயரும் இட்டனர். 1621 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் அறிஞர் றொபேட் பேட்டன் இந்நோய் பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டபோது, மூலிகை, உணவு, தேகாப்பியாசம், இசை, நட்பு ஆகிய யாவற்றையும் ஒருங்கே பரிகாரமாக வைத்தார். 1796 இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் வில்லியம் ரியூக் என்னும் தேயிலை வணிகர் நிறுவிய இல்லத்தில், சங்கிலியும் சாட்டையும் நீங்கி, அன்பும் தொழிலும் ஒழுங்கான வாழ்வும் மருந்தாயின. ஆக, பழங்காலத்தில் மருந்தும் பிற வழிகளும் பகைத்து நின்றில. அவற்றைப் பிரித்தது பிற்காலமே.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரு பிரிவுகள் தோன்றின. ஒரு சாரார் புரொய்ட் வழிநின்று, உள்ளத்தின் ஆழத்திற் புதைந்த முரண்பாடுகளை நெடுநாள் உரையாடலால் வெளிப்படுத்த முயன்றனர். மற்றொரு சாரார் உடலையே நாடினர். 1938 இல் உரோமாபுரியிற் செர்லெற்றி, பினி ஆகிய இருவரும் மின்னதிர்ச்சி வைத்தியத்தைத் தொடங்கினர். கடுஞ்சோர்வுற்றோர் பலர் அதனாற் குணம்பெற்றனர். எனினும், இந்நோய்க்கென உரிய மருந்து எதுவும் அக்காலத்தில் இருந்ததில்லை.

அத்தகைய மருந்து சுவிற்சர்லாந்தின் மியூன்ஸ்ரர்லிங்கன் என்னும் ஊரின் மனநோய் வைத்தியசாலையில் வெளிப்பட்டது. பாசல் நகரத்து கெய்கி நிறுவனம் தயாரித்த இமிப்பிரமின் என்னும் பொருள் முதலில் வேறொரு மனநோய்க்கெனப் பரீட்சிக்கப்பட்டுப் பயன்தரவில்லை. 1956 இல் வைத்தியர் றோலன்ட் கூன் அதனை மனச்சோர்வுற்றோர்க்குக் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்களில் அவர்தம் முகம் தெளிந்தது. பேச்சும் உறக்கமும் மீண்டன. 1957 செப்டெம்பரில் சூரிச் மாநாட்டில் அவர் இதனை அறிவித்தபோது கேட்டிருந்தோர் மிகச் சிலரே. இம்மருந்தைக் கண்ட கூன், மனிதனின் வாழ்வனுபவத்தை உரையாடலால் உணரும் தத்துவச் சார்புடைய உளச்சிகிச்சையிற் பெரிதும் பற்றுடையவர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. நோயாளர் கூற்றை நுணுகிக் கேட்கும் அப்பழக்கமே, மருந்தின் பயனை அவர் கண்டறியத் துணைசெய்தது எனலாம். ஆயினும் இவ்வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. அவ்வைத்தியசாலையில் பல்லாண்டுகளாகப் பல புதிய பொருள்கள் நோயாளரின் முறையான சம்மதமின்றிப் பரீட்சிக்கப்பட்டன என்பதை, 2019 இல் வெளிவந்த வரலாற்றாய்வு வெளிப்படுத்தியது.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஒரு மருந்து தற்செயலாகக் கிடைத்தது. 1952 இல் நியூயோர்க் நகரின் சீவியூ வைத்தியசாலையிற் சயரோகத்துக்குக் கொடுக்கப்பட்ட ஐப்பிரோனியசிட், நோயாளர்க்கு எதிர்பாராத உற்சாகத்தை அளித்தது. 1957 இல் நேதன் கிளைன் முதலியோர் அதனை மனச்சோர்வுக்கு வழங்கினர். ஆனால் ஈரலுக்கு ஊறு விளைத்தமையால் 1961 இல் அது அமெரிக்கச் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. அவ்வினத்துப் பிற மருந்துகளை உட்கொள்வோர் பாற்கட்டி உண்டால் இரத்த அழுக்கம் அபாயகரமாக உயரும் என்பது 1963 அளவில் தெளிவாயிற்று. நன்மை செய்யும் மருந்து தீமையும் செய்யும் என்னும் பாடத்தை வைத்திய உலகம் விரைவிலேயே கற்றது.

ஒரு மருந்து உண்மையிற் பயன் தருகின்றதா என்பதை அறிய, அதனைப் பெறுவோரையும் மருந்தற்ற வெறுங் குளிகை பெறுவோரையும் ஒப்பிடுதல் வேண்டும். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஏறத்தாழ 250 நோயாளரைக் கொண்டு நடத்திய அத்தகைய ஆய்வு 1965 இல் வெளியாயிற்று. நான்கு வாரங்களின் பின், மின்னதிர்ச்சி பெற்றோருள் 71 வீதத்தினரும், இமிப்பிரமின் பெற்றோருள் 52 வீதத்தினரும், வெறுங் குளிகை பெற்றோருள் 39 வீதத்தினரும் பெரிதும் தேறினர். இவ்வெண்களுள் இறுதியில் நிற்பதே ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. மருந்தே இல்லாத குளிகையோடு பத்துப் பேரில் நால்வர் தேறியது எவ்வாறு? நோய் தானே தணியும் இயல்பும், தம்மைக் கவனிப்போர் உளர் என்னும் நம்பிக்கையும் அதற்குக் காரணமாகலாம்.

இனி உரையாடற் பக்கத்தை நோக்குவோம். பிலடெல்பியாவில் உளப்பகுப்பில் தேர்ந்திருந்த ஆரன் பெக், சோர்வுற்றோர் தம்மையும் உலகையும் எதிர்காலத்தையும் இருண்டனவாகவே எண்ணும் பழக்கத்தை 1960 களில் விளக்கினார். அவ்வெண்ணங்களை நோயாளரே எடுத்துச் சோதித்துத் திருத்திக்கொள்ளப் பயிற்றும் சிகிச்சையையும் வகுத்தார். 1977 இல் 41 பேரைக் கொண்ட சிறு ஆய்வில் அச்சிகிச்சை இமிப்பிரமினைவிட மேம்பட்டது. அதற்கு முன்னரே, 1974 இல் கிளெர்மன், வைஸ்மன் முதலியோர் 150 பெண்களிடம் நடத்திய ஆய்வு வேறொரு நுட்பத்தைக் காட்டியிருந்தது. மருந்து நோய் மீளாமற் காத்தது. உரையாடலோ குடும்பத்திலும் சமூகத்திலும் நோயாளர் வாழும் வாழ்வைச் சீர்ப்படுத்தியது. இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை. ஆகலின் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பறிக்கவும் இல்லை.

இவ்வுண்மை ஏட்டில் இருந்தும் இரு சாராரின் பிடிவாதம் தணிந்திலது. 1979 இல் அமெரிக்காவில், தாமே வைத்தியராகிய ஒருவர் கடுஞ்சோர்வுற்றுத் தனியார் மருத்துவமனை ஒன்றிற் சேர்ந்தார். அங்கு ஏழு மாதங்கள் உரையாடற் சிகிச்சை மட்டுமே அளிக்கப்பட்டது, மருந்து தரப்படவில்லை. அவர் உடல் மெலிந்தார். நிலை மேலும் சீர்கெட்டது. பின்னர் வேறொரு மருத்துவமனையில் மருந்து பெற்றுச் சில வாரங்களில் தேறத் தொடங்கினார். ஆனால் அதற்குள் அவருடைய தொழிலும் குடும்பமும் சிதைந்திருந்தன. முதல் மருத்துவமனை மீது அவர் தொடுத்த வழக்கு 1987 இல் இணக்கமாக முடிந்தது. பயன் நிறுவப்பட்ட சிகிச்சையை நோயாளர்க்கு எடுத்துரையாது மறைத்தல் தகுமோ என்பதே அவ்வழக்கு எழுப்பிய வினா. அதனை மறுபுறம் திருப்பியும் கேட்கலாம்: உரையாடலின் பயன் நிறுவப்பட்ட பின்னர், அதனைக் கூறாது குளிகையை மட்டும் நீட்டுதல் தகுமோ?

1989 இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் பேராய்வு வெளியாயிற்று. 250 பேர் நான்கு பிரிவினராகப் பகுக்கப்பட்டு, இருவகை உரையாடற் சிகிச்சை, இமிப்பிரமின், வெறுங் குளிகை ஆகியவற்றுள் ஒவ்வொன்றை 16 வாரம் பெற்றனர். இலேசான நோயுற்றோரிடையே நான்கு பிரிவுகளுக்கும் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. கடுமையான நோயுற்றோரிடையே இமிப்பிரமினின் மேம்பாடு தெளிவாயிற்று. எது சிறந்தது என்னும் வினா, யாருக்கு எது சிறந்தது என்னும் வினாவாக அன்று மாறியது எனலாம்.

1987 இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புளூஒக்செற்றின், பழைய மருந்துகளைவிட அபாயம் குறைந்ததாகையால் உலகெங்கும் பரவியது. மூளையிற் செரோற்றோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்னும் எளிய கதையும் அதனுடன் பரவிற்று. ஆனால் 2022 இல் வெளிவந்த விரிந்த மீளாய்வு, அக்கதைக்கு உறுதியான சான்றில்லை எனக் கூறியது. இதனால் மருந்து பயனற்றது என முடிவுகட்டல் தவறாகும். 2018 இல் வெளிவந்த, 522 ஆய்வுகளையும் 116,477 நோயாளரையும் தழுவிய தொகுப்பாய்வில், 21 மருந்துகளும் வெறுங் குளிகையை வென்றன. ஆயினும் சராசரி வேறுபாடு பெரிதன்று. மருந்து பயன்படுவது வேறு. அது பயன்படும் காரணத்தை அறிவது வேறு.

கடுமையான நோய்க்கு உரையாடல் உதவாது என்னும் கருத்தும் பின்னர்த் தளர்ந்தது. 2005 இல் வெளியான 240 பேர் பற்றிய ஆய்வில், மிதமானதும் கடுமையானதுமான சோர்வுக்கு மருந்தும் பெக்கின் சிகிச்சையும் 16 வார முடிவில் ஒப்ப நின்றன. இருவகையாலும் 58 வீதத்தினர் பயன்பெற்றனர். தேறியவர்களைத் தொடர்ந்து நோக்கியபோது, மருந்தை நிறுத்தியவருள் 76 வீதத்தினர்க்கு ஓராண்டிற்குள் நோய் மீண்டது. உரையாடற் சிகிச்சையை முடித்தவருள் 31 வீதத்தினர்க்கே மீண்டது. கற்றுக்கொண்ட பயிற்சி சிகிச்சை முடிந்த பின்னும் உடன் வருகின்றது போலும். மருந்து உண்போர் வைத்தியரைக் கேளாது திடீரென நிறுத்துதல் ஆகாது என்பதும் இதனாற் பெறப்படும்.

எனினும் தேர்ந்த உளச்சிகிச்சையாளர் எங்கும் கிடைப்பதில்லை. வைத்தியர் அரிதாயுள்ள நாடுகளுக்கு வழிகாட்டியது கோவாவில் நடந்து 2017 இல் அச்சேறிய ஆய்வாகும். பத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில் 495 நோயாளரிடம் அது நடத்தப்பட்டது. உளவியற் பட்டமில்லாத சாதாரண மக்கள் பயிற்சி பெற்று, ஒவ்வொருவருடனும் ஆறு முதல் எட்டுமுறை உரையாடி, கைவிட்ட வேலைகளையும் உறவுகளையும் படிப்படியாக மீட்கத் துணைநின்றனர். மூன்று மாதங்களில் அவ்வுதவி பெற்றோருள் 64 வீதத்தினர் குணமடைந்தனர். வழமையான கவனிப்பை மட்டும் பெற்றோருள் 39 வீதத்தினரே குணமடைந்தனர்.

2022 இல் பிரித்தானியா வெளியிட்ட வழிகாட்டுநெறி இவ்வனுபவங்கள் யாவற்றினதும் சாரமெனலாம். இலேசான சோர்வுக்கு, நோயாளர் தாமே விரும்பினாலன்றி, மருந்தை வழமையான முதற் சிகிச்சையாக அளித்தல் வேண்டாம் என்றும், கடுமையான சோர்வுக்கு மருந்தும் உரையாடலும் இணைந்த சிகிச்சையைத் தெரிவுகளுள் முதன்மையாக எண்ணுக என்றும் அது கூறியது. ஒவ்வொரு வழியின் நன்மை தீமைகளையும் விளக்கி, நோயாளரின் விருப்பத்தைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும் என்பதையும் அது வலியுறுத்தியது.

இவ்வரலாற்றில் ஒவ்வொரு பிழையும், நால்வகை உறுப்புகளுள் ஒன்றை மறந்தபோது நேர்ந்தது. மருந்தை மறந்த மருத்துவமனையில் ஒரு வைத்தியர் ஏழு மாதம் வாடினார். நோயாளரின் சம்மதத்தை மறந்த வைத்தியசாலையில் புகழ்வாய்ந்த கண்டுபிடிப்பின்மேல் மறு வந்தடைந்தது. அருகிருந்து பேணுவோனை மீண்டும் அழைத்து வந்தபோது, கோவாவின் சிற்றூர்களிற் பலர் மீண்டனர். மருந்தா, மொழியா என்று வினவுவோர்க்கு வரலாறு தரும் விடை, முதலில் நோயாளியைக் கேளுங்கள் என்பதே.