இரண்டு நாள் தங்க வந்தவர்

நியூயார்க்குக்கு வேலைக்குப் போன இரண்டாவது வருடம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஷூ லேஸ் கட்டக் குனிய முடியவில்லை. வீடியோ காலில் மறைக்கத்தான் பார்த்தேன். நான் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தை வைத்தே அப்பா கண்டுபிடித்துவிட்டார். "எனக்கு முப்பது வருசம் வண்டி சீட்டு. உனக்கு கம்ப்யூட்டர் சீட்டு. வேறென்ன?" என்றார்.

அப்பா திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டி ஓட்டிக்கொண்டு ராஜஸ்தான் வரை போனவர். வெளியூர்ப் பிழைப்பு எங்கள் பக்கம் புதிதல்ல. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுவார்கள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வாங்குவார்கள், பிறகு மாதக்கணக்கில் ஊர்ப்பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். முதுகுவலி முற்றியபோது அப்பா போய்ச் சேர்ந்த இடம் மனவளக்கலை மன்றம். நெசவுக் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, தறியிலும் கடையிலும் உட்கார்ந்து உழைக்கிறவர்களும் செய்யும்படி எளிமையாக்கிய உடற்பயிற்சி அது. நான் அதைக் கிழவர்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன்.

"அங்கயே ஏதாச்சும் யோகா கிளாஸுக்குப் போ கண்ணு" என்றார் அம்மா. கொல்லன் தெருவில் பிறந்தவன் ஊசி வாங்க அடுத்த ஊருக்குப் போவதா? முதலில் அறையிலேயே யூடியூப் பார்த்துச் செய்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் அகலம், மரத்தரை. அதிகாலை சூரிய நமஸ்காரத்தில் காலைப் பின்னால் வீசும்போதெல்லாம் தரை அதிரும். நான்காம் நாள் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். வேறு வழியில்லாமல்தான் மன்ஹாட்டன் மேற்கு 13-ஆம் தெருவில் இருக்கும் இன்டெக்ரல் யோகா நிலையத்துக்குப் போனேன்.

அங்கே சுவரில் வெள்ளைத் தாடியுடன் காவியுடுத்த ஒருவரின் படம். சுவாமி சச்சிதானந்தா. ஏதோ இமயமலைச் சாமியார் என்று எண்ணிக்கொண்டேன். அன்றிரவு தேடிப் பார்த்தால் ஊர் செட்டிபாளையம், கோயம்புத்தூர் பக்கம். 1914-ல் பிறந்தவர், இயற்பெயர் ராமசாமி. 'அட, நம்மாளு' என்று துள்ளியது மனம். அடுத்து என் விரல்கள் தேடியது அவருடைய சாதியை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தேடினேன்.

உறவினரின் மோட்டார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், பேரூர்க் கோயிலில் மேலாளராக இருந்தவர், மணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. மனைவி சில ஆண்டுகளிலேயே இறந்துபோனார். அதன்பின் அலைந்து திரிந்து ரிஷிகேசம் சென்று, 1949-ல் சிவானந்தரிடம் துறவு பெற்றார். சிவானந்தரும் நம்மவர்தான்; பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887-ல் பிறந்து, மலாயாவில் பத்தாண்டு மருத்துவம் பார்த்துவிட்டு வந்தவர். கடல் கடந்து பிழைப்பவனின் உடம்பும் மனமும் என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? 1953-ல் சீடரை இலங்கைக்கு அனுப்பினார். திருகோணமலை, பிறகு கண்டி. 1966-ல் கான்ராட் ரூக்ஸ் என்ற திரைப்பட இயக்குநர் ஐரோப்பாவுக்கு அழைக்க, அங்கே அவரைச் சந்தித்த ஓவியர் பீட்டர் மாக்ஸ் நியூயார்க்குக்குக் கூட்டிவந்தார். இரண்டு நாள் தங்கத்தான் வந்தார். மாக்ஸின் அபார்ட்மென்டில் மாதக்கணக்கில் தங்கும்படி ஆனது. அந்த ஆண்டே நிலையம் தொடங்கியது. 1970-ல் இந்த 13-ஆம் தெருக் கட்டடத்துக்கு வந்தது.

வந்து போவது வேறு, குடியேறுவது வேறு. விவேகானந்தர் 1893-லேயே அமெரிக்கா வந்தார். ஆனால் 1924-ம் ஆண்டுச் சட்டம் ஆசியர்கள் குடியேறுவதை ஏறக்குறைய முழுதாக அடைத்தது. 1946-ல் இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர் என்று ஒரு ஓட்டை விட்டார்கள். நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 அக்டோபரில். அது முழு நடைமுறைக்கு வந்தது 1968-ல். இந்திய டாக்டர்களும் இன்ஜினியர்களும் பெருவாரியாகக் குடியேறியது அதற்குப் பிறகுதான். யோக ஆசிரியர்கள் இங்கே நிலைக்க முடிந்ததிலும் அந்தச் சட்டத்துக்குப் பங்குண்டு. என் அலுவலகமும் இந்த வகுப்பும் ஒரே வாசல் வழியாக வந்தவை.

அமெரிக்காவில் யோகா நீர்த்துப்போய்விட்டது என்று நம்மூரில் வாய் கூசாமல் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இந்த வகுப்பில் பார்த்தது வேறு. மெதுவான ஆசனங்கள், பிறகு யோக நித்திரை, மூச்சுப் பயிற்சி, கடைசியில் தியானம். தலைகீழாக நிற்கச் சொல்லி யாரும் மிரட்டவில்லை. ஆபீஸ் முடிந்து சப்வேயில் கசங்கி வருகிறவனுக்கு எது முடியும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் உண்டு: அதே புரோகிராமை வேறு மெஷினில் ஓட வைப்பது. இவருடைய மாணவரான மருத்துவர் டீன் ஆர்னிஷ், யோகப் பயிற்சியையும் கொழுப்பு குறைந்த சைவ உணவையும் சேர்த்து இதய நோயாளிகளிடம் சோதித்து, 1990-ல் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டார்.

1969 ஆகஸ்ட் 15 அன்று, உட்ஸ்டாக் இசைவிழாவில் தொடக்க உரை ஆற்றியவரும் இவரே. சாலையெல்லாம் அடைபட்டதால் ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். முதுகுப்பக்கமிருந்து எடுத்த ஒரு புகைப்படம் உண்டு: சிறிய காவி உருவம், எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தலைகள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெருமையோடு நிறுத்திக்கொள்ள ஆசைதான். ஆனால் 1991-ல் முன்னாள் மாணவியர் சிலர் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டு வைத்துப் போராடினார்கள். அவர் மறுத்தார், வழக்கு ஏதும் பதிவாகவில்லை. இதைப் படித்த வாரம் நான் வகுப்புக்குப் போகவில்லை. 'நம்மாளு' என்று துள்ளியவன் இதற்கும் கொஞ்சம் கூச வேண்டும் இல்லையா? மறுவாரம் போனேன். இடுப்பு வலித்தது, போனேன். வேறு உயர்ந்த காரணம் எதுவும் சொல்லத் தெரியவில்லை.

2002-ல் அவர் இறந்தது சென்னையில். அடக்கம் வர்ஜீனியாவில் அவர் நிறுவிய யோகாவில்லில்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். விடிகாலையில் மொட்டை மாடியில் கோரைப்பாயை விரித்து அப்பா மன்றத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு பாயைப் போட்டு நான் என்னுடையதைத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"செட்டிபாளையத்துக்காரருங்கப்பா."

"எந்தச் செட்டிபாளையம்? கோயமுத்தூர்ப் பக்கம் இருக்குதே, அதா?"

"ஆமாங்கப்பா."

"இங்கிருந்து மூணு மணி நேரம் பஸ்ல" என்றார். காலை மெல்ல மடக்கிக்கொண்டு, "மூச்ச விடு மொதல்ல" என்றார்.