பகலில் எரியும் விளக்கு

மலேசியாவில் மோட்டார்சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கைப் போட்டுத்தான் ஓட வேண்டும் என்ற விதி 1992 செப்டம்பரில் வந்தது. அன்று நம் வீட்டு வாசல்களில் நின்ற பழைய கப்சாய்கள் இரவு விளக்கை மட்டும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவை.

கிள்ளானில் நான் பழுதுபார்த்த 6 வோல்ட் ஹோண்டா சி70 அதில் ஒன்று. ரெகுலேட்டர் கிடையாது. முன்விளக்குக்கான மின்சாரம் மேக்னெட்டோவிலிருந்து நேராகப் போகும். சுவிட்சைப் போட்டால் கூடுதல் சுருள் சேரும். அந்த உபரியை பல்புதான் தின்ன வேண்டும். அது பியூஸ் போனால் பின்விளக்கும் பின்னாலேயே போகும்!

சார்ஜ் ஏறலேன்னா எல்லாரும் பேட்டரியைத்தான் மாத்துறாங்க. பாவம் பேட்டரி. இன்ஜினை முறுக்கும்போது மீட்டர் 7 வோல்ட்டை நெருங்க வேண்டும். இதில் 6-ஐத் தாண்டவில்லை. சுருள் நன்றாக இருந்தது. செலீனியம் ரெக்டிஃபையர்தான் செத்திருந்தது. சிலிக்கன் டையோடு ஒன்று போட்டேன், ஏறியது.

பேட்டரியைக் காக்கிறேன் என்று பகலில் விளக்கை அணைத்து ஓட்டும் பழைய வண்டிப் பிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. செரம்பானிலும் ஷா ஆலமிலும் நடந்த ஆய்வில், வண்டி கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்தன. பிரிக்பீல்ட்ஸ் நெரிசலில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது இந்த விளக்கு மங்கும். மங்கட்டும், எரிந்தால் போதும்.