டாக்டர்களும் கூட்டமைப்பு ஆன கதை

நம்ம மலரில் சேமிப்பு, கடன், கறவை மாடு பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சுகாதாரக் குழுவில் இருப்பதால் மருத்துவம் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் எழுதப்போவது பிரிட்டன் நாட்டுக் கதை. அந்த ஊர்க் கதை நமக்கெதுக்கு என்று கேட்காதீர்கள், சந்தா கட்டிப் பழகியவர்களுக்கு அது புரியும். என் தங்கச்சி பொண்ணு அங்கே நர்ஸாக இருக்கிறாள். "பெரியம்மா, இங்க டாக்டருங்களும் உங்களை மாதிரியே கூட்டமைப்பு வெச்சிருக்காங்க" என்று ஒரு நாள் போனில் சொன்னாள். அதிலிருந்துதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வேல்ஸ் பகுதியில் டிரெடீகர் என்று ஒரு ஊர். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலையும்தான் அங்கே பிழைப்பு. சுரங்கத்தில் கால் நசுங்கினால் கூலி நின்றுபோகும், டாக்டருக்குக் கொடுக்கவும் காசு இருக்காது. 1890-இல் அந்தத் தொழிலாளிகள் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் தொடங்கினார்கள். கூலியில் ஒரு பவுண்டுக்கு 3 பென்ஸ் சந்தா. (பவுண்டு என்பது அந்த நாட்டுப் பணம், நம்ம பவுன் நகை இல்லை.) அந்தக் காலத்தில் 240 பென்ஸ் ஒரு பவுண்டு. நம்ம கணக்கில் நூறு ரூபாய் கூலிக்கு ஒண்ணேகால் ரூபாய்.

இந்த ஒண்ணேகால் ரூபாயில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஐந்து டாக்டர்கள், ஒரு அறுவை சிகிச்சை நிபுணர், ஒரு பல் டாக்டர், மருந்து கொடுப்பவர்கள், வீடு வீடாகப் போகும் நர்ஸ் என்று எல்லோரையும் சங்கமே சம்பளத்துக்கு வைத்தது. தொழிலாளிகள் தேர்ந்தெடுத்த கமிட்டிதான் அதை நடத்தியது. போகப்போக அந்த ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் சங்கத்துக்குள் வந்துவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளி உட்கார்ந்து டாக்டரிடம் கணக்குக் கேட்பதா என்று மருத்துவர் சங்கத்துக்குக் கோபம். இருந்தாலும் வேலை நடந்தது.

அந்த ஊரில் 1897-இல் பிறந்து, 13 வயதில் சுரங்க வேலைக்குப் போன பையன்தான் அனூரின் பெவன். பிற்பாடு சுகாதார அமைச்சர் ஆனார். 1948 ஜூலை 5-ஆம் தேதி நாடு முழுவதற்கும் இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்தார். எங்க ஊர்ச் சங்கத்தில் பார்த்ததைத்தான் நாட்டுக்கே செய்தேன் என்கிற மாதிரி அவரே பேசியிருக்கிறார்.

ஆனால் ஒரு குறை இருந்தது. ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்திடம் வந்தன. தெரு டாக்டர்களோ அரசோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தனித்தனியாகவே இருந்தார்கள். பலருக்கு வீட்டு முன் அறைதான் கிளினிக். போன் எடுப்பது, ஆட்களை உட்கார வைப்பது எல்லாம் வீட்டம்மா வேலை. சம்பளம் இல்லாத வேலை என்றால் எந்த நாட்டிலும் நம்ம தலையில்தான்! 1966-இல் ஊழியர் சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் அரசு பணம் தர ஒப்புக்கொண்டது. அதன் பிறகுதான் நாலைந்து டாக்டர்கள் ஒரே கூரையின் கீழ் சேர்வது அதிகமாயிற்று.

இந்த இடத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டரைச் சொல்லியாக வேண்டும். கிளின்கோரக் என்ற சுரங்கக் கிராமத்தில் இருந்தவர். ஏறக்குறைய 2,000 பேர்தான் ஊரே. நோயாளி தேடி வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. 1968-இல் ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் பி.பி. பார்க்கத் தொடங்கினார். வராதவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். பி.பி. தலைவலி தராமல் சத்தமில்லாமல் ஆளைச் சாய்க்கும் என்பது நம்ம தெருவில் பக்கவாதம் வந்த வீடுகளுக்குத் தெரியும். 1971-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: எங்கே நோய் அதிகமோ அங்கே நல்ல வைத்தியம் குறைவு, சந்தைக்கு விட்டால் அது இன்னும் மோசமாகும்.

ஒருத்தருக்கொருத்தர் பேசாத டாக்டர்களால் என்ன ஆகும் என்பதை நம்ம பக்கமே பார்த்திருக்கிறோம். என் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு கிளினிக்கில் காட்டினார். ஒரே பி.பி. மாத்திரை, பெயர் மட்டும் வேறு வேறு. இரண்டையும் போட்டுக்கொண்டு கொல்லையில் தலைசுற்றி விழுந்தார். இரண்டு சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருமில்லை.

இங்கிலாந்தில் 2019 ஜூலை முதல் பக்கத்துப் பக்கத்துக் கிளினிக்குகள் சேர்ந்து ஒரு வலையமைப்பு ஆகிவிட்டன. ஒன்றுக்கு 30,000 முதல் 50,000 பேர். நாடு முழுக்க 1,200-க்கும் மேல் இருக்கிறது. ஒரு கிளினிக்கால் தனியாக வைத்துக்கொள்ள முடியாத ஆட்களை இவை சேர்ந்து வைத்துக்கொள்கின்றன. மாத்திரைச் சீட்டுகளைச் சரிபார்க்கும் மருந்தாளுநர், மூட்டு வலிக்கு இயன்முறை சிகிச்சையாளர், தனியாக இருக்கும் வயதானவர்களை விசாரித்து உதவி கிடைக்கும் இடத்தில் சேர்த்துவிடும் ஆள் என்று வைத்திருக்கிறார்கள். 2020 டிசம்பரில் கொரோனா தடுப்பூசி வந்தபோது இந்த வலையமைப்புகள்தான் அக்கம்பக்கத்தில் இடம் பிடித்து ஊசி போட்டன. எல்லாம் சொர்க்கம் இல்லை. காலையில் எட்டு மணிக்குப் போன் அடித்தால் லைனே கிடைக்காது என்று ஜனங்கள் திட்டுகிறார்களாம்.

இதில் நம்ம சம்பந்தமும் இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் டாக்டர்கள் சேர்ந்து வேலை செய்ய ஆரம்ப சுகாதார மையம் வேண்டும் என்று 1920-இலேயே டாசன் என்ற மருத்துவர் தலைமையில் அங்கே ஒரு அறிக்கை வந்தது. அவர்கள் அலமாரியில் வைத்துவிட்டார்கள். இந்தியாவில் 1946-இல் போர் குழு அறிக்கை 40,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்றது. நம்ம ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அதில் உறுப்பினர். 1952 முதல் அவை திறக்கப்பட்டன. இப்போது இங்கிலாந்து வந்து நிற்கும் அளவும் கிட்டத்தட்ட அதே நாற்பதாயிரம்தான்!

டியூடர் ஹார்ட் செய்ததை இன்று செய்வது யார்? நம்ம பெண்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்கள் பி.பி. மெஷினோடு வீடு வீடாகப் போகிறார்கள், மாத்திரை கொண்டு கொடுக்கிறார்கள். யார் மாத்திரையை நிறுத்திவிட்டார், யார் வேலைக்கு வெளியூர் போய்விட்டார் என்பது அவர்கள் நோட்டில்தான் இருக்கிறது.

டிரெடீகரில் சந்தா கட்டியவர்களே கமிட்டியில் உட்கார்ந்தார்கள். இன்றைய இங்கிலாந்து வலையமைப்பில் கையெழுத்துப் போடுவது கிளினிக்குகள்தான். அது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. நம்ம பக்கமும் பையைத் தூக்குவது நாம், மாதத் திட்டம் போடும்போது நாற்காலி இல்லை. அதனால்தான் போன மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். சுகாதார நிலையத்தின் மாதாந்திரக் கூட்டத்துக்குக் கூட்டமைப்பிலிருந்து ஒருத்தரைக் கூப்பிட வேண்டும், டவுன் கிளினிக்கில் காட்டுகிறவர்களின் மருந்துச் சீட்டையும் அங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று. மனுவை நேரில் கொடுத்துவிட்டோம், பதில் இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் இரண்டு சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து அதோடு இணைத்திருக்கிறோம்.